காக்காப்பொன் மேல் ஒரு நீலக்கல்: புதுச்சேரியில் ஐந்து நாள்

முதல் நாள், வெள்ளி இரவு

காலை ஆறு மணிக்குத் திருச்சியில் ஏறிய பஸ் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று நின்று நின்று வந்து புதுச்சேரியில் இறக்கிவிடும்போது மணி பதினொன்றரை. பொங்கல் முடிந்த வாரம். வழியெல்லாம் வயலில் அறுப்பு. தோழி ஸ்கூட்டியோடு பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்றிருந்தாள். கல்லூரியில் மூன்று வருடம் என் பெஞ்ச். கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

நான் வந்த காரணம் ஒரு கல். போன வாரம் போனில் சொன்னாள்: "உங்க அப்பா கல்லு வேலைதானே, உனக்கும் தெரியும்தானே, வந்து பாருடி. மாமா விட்டுட்டுப் போனது ஒண்ணு ஷோகேஸ்ல இருக்கு. நகைக்கடைக்காரர் ஒருத்தர் அறுத்துப் பட்டை போட்டா நல்ல விலை வரும்ங்கிறார். வீட்டு மாடி ஒழுகுது, பணமும் வேணும். அத்தைக்கு மனசு வரல."

என் அப்பா திருச்சியில் நாற்பது வருடம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாணைச் சக்கரம் சுற்றாத நாள் கிடையாது. குச்சி நுனியில் அரக்கு உருக்கி, கல்லை ஒட்டி, சக்கரத்தில் வைத்துக் கோணம் கோணமாகத் தேய்ப்பார். அந்த வீட்டில் கல் என்றால் பட்டை தீட்டியது மட்டும்தான். தீட்டாததற்குப் பெயர் 'ரஃப்'. இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ரஃபே போதும், தீட்டவே வேண்டாம் என்ற ஆசை எப்படி வந்தது என்றால், கல்லூரி நிலவியல் ஆய்வகத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைக் கையில் வாங்கிய அன்று வந்தது. ஆறு முகமும் தானாக அமைந்திருந்தது. யாரும் அதைச் சாணையில் வைத்ததில்லை. அன்றிலிருந்து சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் படிகம் வாங்குகிறேன். சின்னச் சின்னதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை (தோழியின் மாமியார், நானும் அத்தை என்றே கூப்பிடுகிறேன்) சாப்பிடச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு முதலில் ஷோகேஸ் முன் போய் நின்றேன்.

இதை எப்படிச் சொல்வது. ஒரு கையளவு மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, ஆற்று மணலில் மினுக்கும் அதே வகை. ஆனால் மணலில் கிடைப்பது பொடி. இது முழு வளர்ச்சி. வெள்ளி நிறத்தில், கொஞ்சம் பழுப்பு ஓடிய தகடுகள், புத்தகத்தின் பக்கங்கள் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பத்துப் பதினைந்து புத்தகங்களைத் தாறுமாறாக நிறுத்தி வைத்தது போல நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் ஓரமும் ஆறு பக்கம் வர முயன்றிருக்கிறது. அந்தத் தகடுகளின் நடுவிலிருந்து ஒற்றைப் படிகம் நேராக எழுகிறது. ஐந்து சென்டிமீட்டர் உயரம், மூலைக்கு மூலை ஒன்றரை சென்டிமீட்டர். ஆறு பட்டை. உச்சி வெட்டி வைத்தது போல் சமதளம், அதன் விளிம்பில் நூல் அகலத்துக்குச் சின்னச் சின்ன சாய்வு முகங்கள். கீழே மங்கல், பால் கலந்தது போல. மேலே போகப் போகத் தெளிந்து, கடைசி இரண்டு சென்டிமீட்டர் முழுக்கத் தெளிவு. நிறம், மழை ஓய்ந்த காலையில் கிழக்குப் பக்கம் தெரியும் வானம்.

அக்வாமரின். பெரில் இனத்துக் கல். மரகதமும் பெரில்தான். குரோமியமோ வனேடியமோ கலந்தால் பச்சை வந்து மரகதம் ஆகிறது, இரும்பு கலந்தால் இந்த நீலம்.

"பக்கத்துல பாத்தா நீலம், மேல இருந்து பாத்தா வெளுப்பா இருக்கே?" என்றாள் தோழி. பெரிலின் குணமே அதுதான். படிகத்தின் நீளவாக்கில் பார்த்தால் வெளிறும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கூடும். அதனால்தான் அக்வாமரினை அறுக்கிறவர்கள் கல்லின் மேல்தட்டைப் படிகத்தின் நீளத்துக்கு இணையாக வைத்து அறுப்பார்கள். இது அப்பா சொல்லித் தந்தது.

அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு சீட்டு இருந்தது. பிரெஞ்சில் கையெழுத்து. 'எக் மரீன் சுர் முஸ்கோவித், நகர், பாக்கிஸ்தான்'. மஸ்கோவைட் மைக்கா மேல் அக்வாமரின் என்று அர்த்தம். வேறொன்றும் இல்லை.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இந்த ஊரில் அந்த வீடுகளுக்கு 'சொல்தா வீடு' என்றே பெயர். ஓய்வுக்குப் பிறகு பல வருடம் பிரான்சின் அல்சாஸ் பக்கம் இருந்திருக்கிறார். அங்கே சாந்த் மரி ஒ மின் என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊரில் ஒவ்வொரு ஜூன் மாதமும் கல் சந்தை கூடும். உலகத்தின் எந்த மூலைக் கல்லும் அங்கே வரும். 1998-ல் அந்தச் சந்தையிலிருந்து இதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்கிறார் அத்தை. "நான்கூட ஏதோ சாமி சிலைன்னு நெனச்சேன். அவ்ளோ பத்திரமா புடிச்சிருந்தார்."

ராத்திரி பீச் ரோட்டில் கொஞ்ச நேரம் நடந்தோம். மனதெல்லாம் ஷோகேஸில்தான்.

இரண்டாம் நாள், சனி

காலையில் செயிண்ட் லூயி வீதி மியூசியம். போவதற்கு முன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் கல்லைக் காட்டினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "திருப்பு. இன்னும் கொஞ்சம். வெளிச்சத்துக்குப் பிடி" என்று கணக்கில் இறங்கிவிட்டார்.

அப்பாவும் நானும் போட்ட கணக்கு இது. தாய்க்கல்லோடு ஒட்டி நிற்கும் படிகத்தைத் தனியாக எடை போட முடியாது. அளவை வைத்துக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 7 கன சென்டிமீட்டர். பெரிலின் அடர்த்தி 2.7. ஆக 20 கிராமுக்குப் பக்கம், 100 கேரட். நகைக்கடைக்காரர் சொன்னதும் இந்த நூறைத்தான். ஆனால் கீழ் மூன்று சென்டிமீட்டர் மங்கல், கல் தேறாது. மேலே தெளிந்த பாகம் 40 கேரட். அதை அறுத்துத் தீட்டும்போது நாலில் மூன்று பங்கு பொடியாகச் சக்கரத்தில் போய்விடும்.

"பத்து கேரட் தேறும்மா" என்றார் அப்பா. "நல்லா அறுத்தா. அதுக்கு மேல யாராவது சொன்னா நம்பாதே. நானே அறுத்தாலும் பத்துதான்."

இந்தப் பத்தை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன்.

அரிக்கமேட்டு மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். கண்ணாடி மணி, கார்னட், படிகக்கல், செவ்வந்திக்கல். ஒரு கடுகு அளவு மணியில்கூட நூல் போகத் துளை போட்டிருக்கிறார்கள். கல்லில் துளை போடுவது எத்தனை பொறுமை வேண்டும் வேலை என்று சாணை வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். தண்ணீர் சொட்ட விட்டுக்கொண்டு, ஊசி முனையில் கடின கல்லின் பொடியை வைத்து, ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி. இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்காத மணிகள் குப்பையில் கிடைக்கின்றன. அந்தக் குப்பைதான் இங்கே பட்டறை இருந்ததற்குச் சாட்சி.

மத்தியானம் அரிக்கமேடு. அரியாங்குப்பம் தாண்டி காக்காயந்தோப்பு. ஆற்றோரம் மாந்தோப்பும் தென்னையும். 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் பள்ளியின் செங்கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மற்றதெல்லாம் மண்ணுக்குள். 1930-களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மழைக்குப் பிறகு பொறுக்கிய மணிகளைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராயிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடித் துண்டுகள் வந்தன. இந்தத் துறைக்கும் ரோமுக்கும் வியாபாரம் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்து தோழிக்குப் பெரில் கதையைச் சொன்னேன். கதை நம் ஊர்க்கதைதான். முதல் நூற்றாண்டில் ரோமில் இருந்த எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிது என்று எழுதிவைத்தார். காங்கேயம் பக்கம் படியூரில் அக்வாமரின் கிடைத்தது. 1819-20 வாக்கில்கூட ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே சுரங்கம் போட்டு எடுத்திருக்கிறார். நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது பெரில் அறுத்த பட்டறையே கிடைத்தது. கரூர், காங்கேயம் பக்கம் செம்மண் காட்டில் மழை பெய்து ஓய்ந்ததும் கல் பொறுக்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

பெரில் என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். பிராகிருதத்தில் 'வேளுரிய', வடமொழியில் 'வைடூர்ய', கிரேக்கத்துக்குப் போய் 'பெருல்லோஸ்'. மூக்குக் கண்ணாடிக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் 'பிரில்லே'கூட இந்தப் பெரிலிலிருந்து வந்தது. நாம்தான் வைடூரியம் என்ற பெயரைப் பூனைக்கண் கல்லுக்குக் கொடுத்துவிட்டு, பெரிலுக்குப் பெயரில்லாமல் விட்டுவிட்டோம். எனக்கு இது உண்மையாகவே வருத்தம். ஈராயிரம் வருடம் நாம் அறுத்து விற்ற கல்லுக்கு நம் வாயில் இன்று ஒரு பெயர் இல்லை.

"அப்போ நம்ம முன்னோர் எல்லாம் அறுத்துத்தானே வித்தாங்க? நீ மட்டும் ஏன் அறுக்கக் கூடாதுங்கறே?" என்றாள்.

நியாயமான கேள்வி. காட்டில் தனியாகக் கிடக்கும் உருண்டைக் கல்லை அறுப்பதற்கு நான் எதிரி இல்லை. அது ஏற்கெனவே தாயை விட்டு வந்துவிட்டது. மைக்காவின் மேல் முழுசாக நிற்கும் படிகம் வேறு. அது எங்கே பிறந்தது, எதோடு சேர்ந்து வளர்ந்தது என்ற சேதி எல்லாம் அதன் காலடியில் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது நிறம் மட்டும்.

ஆற்றில் மீன் பிடிக்கும் படகு ஒன்று போனது. எழுந்து வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள், ஞாயிறு இரவு

இன்று எழுத மனமே இல்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் காந்தி வீதி சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, பழைய கடிகாரம், சார்ஜர், எல்லாம் ரோட்டில். ஒரு கடையில் நோட்டு நல்லதா கள்ளதா என்று பார்க்கும் ஊதா லைட் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. என்னிடம் இருந்தது திருச்சியில் தங்கிவிட்டதால் வாங்கினேன். எந்தப் படிகத்தைப் பார்த்தாலும் ஒரு முறை இருட்டில் ஊதா லைட் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

ராத்திரி ஹால் விளக்கை அணைத்துவிட்டு லைட்டைப் பிடித்தேன். மைக்கா கறுப்பு. படிகம் கறுப்பு. இரும்பு இருக்கும் கல் ஒளிராது, சரிதான். ஆனால் படிகத்தின் அடியில், மைக்காவுக்குச் சற்று மேலே, மெல்லிய வெள்ளைக் கோடு. மோதிரம் போட்ட மாதிரி சுற்றி வந்தது. பளிச்சென்று, நீலம் கலந்த வெள்ளை.

பசை.

சேகரிக்கிறவர்களுக்கு இதைவிடக் கெட்ட சேதி குறைவு. ஒரு கல்லில் உடைந்த படிகத்தை இன்னொரு பாறைத் துண்டின் மேல் ஒட்டி, மேட்ரிக்ஸ், அதாவது தாய்க்கல்லோடு வளர்ந்தது, என்று விற்பது பழைய மோசடி. தனிப் படிகத்தைவிடத் தாய்க்கல்லோடு நிற்கும் படிகத்துக்குப் பல மடங்கு விலை, அதனால் செய்கிறார்கள். நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஆறு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய டூர்மலின் படிகம், வீட்டுக்கு வந்து தூசி தட்டும்போது கையோடு வந்துவிட்டது. அடியில் மைக்காத் தூளைத் தூவி மறைத்திருந்தார்கள். அன்று அழுதேன்.

இரண்டு நாளாகத் தாய், பிள்ளை என்று நான் பேசிய பேச்செல்லாம் காதில் கேட்டது. தோழியிடம் சொல்லிவிட்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. நாளைக் கழித்து நகைக்கடைக்காரர் வருகிறாராம்.

நான்காம் நாள், திங்கள்

அத்தையை நேராகப் பார்க்க முடியாமல் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. தோழி காரை எடுத்தாள். திருவக்கரை. புதுச்சேரியிலிருந்து முக்கால் மணி நேரம்.

கல்மரப் பூங்கா. இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்திருக்கிறது. கட்டைக்குள் இறங்கிய தண்ணீரில் இருந்த சிலிக்கா, மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கல்லாக்கிவிட்டது. கடலூர் மணற்கல் என்று நிலவியலில் படித்த அதே செம்மண் படிவு. ஆரோவில் பக்கத்துச் சிவப்பு ஓடைகளும் இதுதான். 1781-ல் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்த மரங்களைப் பற்றி எழுதினார். கையில் எடுத்துப் போக யாருக்கும் அனுமதி இல்லை, நல்ல காரியம்.

ஒரு நீளக் கட்டையின் முன்னால் நின்றுவிட்டேன். நான்கு துண்டாக உடைந்து வரிசையாகக் கிடந்தது. துண்டுக்குத் துண்டு ஒரு ஜாண் இடைவெளி. ஆனாலும் ஒரே மரம் என்று குழந்தைக்கும் தெரியும். ஒரு துண்டின் முனையில் முடியும் வரி அடுத்த துண்டில் அதே இடத்தில் தொடங்குகிறது. கணுவில் பாதி இங்கே, பாதி அங்கே.

ராத்திரி பார்த்த கோடு மைக்காவுக்குச் *சற்று மேலே* இருந்தது. மைக்கா மேலேயே இல்லை. இதை நான் நேற்று எழுதியும் இருக்கிறேன், யோசிக்கவில்லை.

தோழியை அவசரப்படுத்தித் திரும்பினேன். வருவதற்குள் இருட்டிவிட்டது. பகல் வெளிச்சம் வேண்டும்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

ஐந்தரைக்கே எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். வெயில் சாய்வாக விழும் நேரம்தான் படிகத்தைப் பார்க்க நல்லது. அத்தையிடம் கேட்டு, கல்லை ஒரு தாம்பாளத்தில் துண்டு விரித்து வைத்து, அப்பாவின் பழைய பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தூசி தட்டக் கேமரா ஊதுபந்து மட்டும். மைக்காவில் தண்ணீர் படக் கூடாது. தகட்டுக்குள் இறங்கினால் பக்கம் பக்கமாகப் பிரியும்.

ஒட்டுப்போட்ட கோடு மைக்காவிலிருந்து மூன்று மில்லிமீட்டர் மேலே. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதும் பெரில். மைக்காத் தகடுகளுக்கு நடுவே வேர்விட்டு நிற்கும் மூன்று மில்லிமீட்டர் அடித்துண்டு. அதற்கும் ஆறு பட்டை. மேல் துண்டின் ஆறு மூலையும் கீழ்த் துண்டின் ஆறு மூலையும் ஒரே கோட்டில். ஒரு முகத்தில் நீளவாக்கில் மெல்லிய கீறல் போல வளர்ச்சி வரிகள் மூன்று ஓடின. மூன்றும் ஒட்டைத் தாண்டி அதே இடைவெளியில் கீழே இறங்கின.

மோசடி செய்கிறவன் படிகமும் பாறையும் சேரும் இடத்தில் ஒட்டுவான். அங்கேதான் தூளைத் தூவுவான். இந்தக் கல்லில் அந்தச் சேரும் இடம் சுத்தம். பசையே இல்லை.

அப்புறம் அது கண்ணில் பட்டது. வடக்குப் பக்கம் ஒரு மைக்காத் தகடு, நகக்கண் அளவு, படிகத்துக்குள்ளேயே புதைந்து நிற்கிறது. படிகம் வளரும்போது வழியில் நின்ற தகட்டை விழுங்கிவிட்டது. ஒட்டுக்கோடு அந்தத் தகட்டின் குறுக்கே போகிறது. தகட்டின் கீழ்ப்பாதி அடித்துண்டுக்குள். மேல்பாதி பெரிய படிகத்துக்குள். ஒரே சாய்வு, ஒரே பழுப்பு. வெயில் அந்தக் கோணத்துக்கு வந்த நொடியில் இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாக மின்னியது.

இதை யாரும் ஒட்டிச் செய்ய முடியாது. தகடும் படிகமும் ஒரே பொந்தில், ஒரே காலத்தில் வளர்ந்தவை. பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியில் மிஞ்சும் குழம்பில் தண்ணீர் அதிகம். வேறெந்தக் கனிமத்துக்குள்ளும் எளிதில் நுழைய இடம் கிடைக்காத பெரிலியம் போன்ற சின்ன அணுக்கள் அதில்தான் வந்து தங்கும். அந்த மிச்சத்தில் பிறப்பது பெக்மடைட் பாறை. அதன் நடுவே விழும் பொந்துகளில், தடுக்க ஒன்றும் இல்லாததால், முகம் முகமாக அமைந்து வளர்கின்றன இவை. நகர் மலையில் 4,000 மீட்டருக்கு மேலே, பனி உருகும் மாதங்களில் மட்டும், ஆட்கள் ஏறிப் போய்ப் பாறையை உடைத்து அந்தப் பொந்துகளைத் தேடுகிறார்கள். வெடி வைக்கும்போதோ, முதுகில் சுமந்து இறங்கும்போதோ படிகம் குறுக்கே ஒடிவது சகஜம். ஒடிந்ததை அதன் சொந்த அடியிலேயே பொருத்தினால் அதற்குப் பெயர் ரிப்பேர். சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. விலை குறையும், அவ்வளவுதான்.

மாடிப்படியில் அத்தை ஃபில்டர் காபியோடு வந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒடிந்தது, ஒட்டினது, ஆனால் இதே கல்லின் பிள்ளைதான் என்பது. லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டி, அந்தத் தகட்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு, "ஆமா, ரெண்டு பக்கமும் மினுக்குது" என்றார்.

அப்பா சொன்ன பத்து கேரட்டையும் சொன்னேன். அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நூறுன்னு சொன்னாரே அந்த ஆளு?"

"நூறு கேரட் படிகம் உண்மைதான் அத்தை. அறுத்து முடிச்சா கையில வர்றது பத்து. மீதி பொடியும் மங்கலும்."

"இந்தத் தகடெல்லாம்?"

"அதைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய் மகனோடு பேசினார். பதினொரு மணிக்கு நகைக்கடைக்காரர் வந்தபோது வாசலிலேயே மோர் கொடுத்து, தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் மரியாதையாகத்தான் போனார். மாடி ஒழுகலுக்கு வேறு வழி பார்த்துக்கொள்வதாகத் தோழியின் கணவர் சொன்னார். அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ரிப்பேர் என்று சொல்லியே வாங்கக்கூடிய நல்ல சேகரிப்பாளர்கள் உண்டு, எப்போதாவது விற்க வேண்டி வந்தால் முழுசாகவே விற்கலாம், நான் உடன் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. புதுச் சீட்டு ஒன்று எழுதி வைக்கட்டுமா என்று கேட்டேன். கெட்டி அட்டை கொண்டுவந்தார் அத்தை. மாமாவின் பேனா. எழுதினேன்:

*அக்வாமரின், மஸ்கோவைட் மைக்கா மேல். நகர், பாகிஸ்தான். 1998-ல் சாந்த் மரி ஒ மின் சந்தையில் வாங்கியது. படிகம் அடியிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் ஒடிந்து, அதே இடத்தில் ஒட்டப்பட்டது.*

பழைய பிரெஞ்சுச் சீட்டையும் அதன் கீழேயே வைத்தேன். அதை எடுத்துவிடக் கூடாது. எந்த வழியாக வந்தது என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் ஆதாரம்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். "நகர்னா எந்த நகர்?" என்றார். போனில் மேப்பைத் திறந்து, காஷ்மீருக்கும் மேலே, பனிமலைகளுக்கு நடுவில் அந்த இடத்தைக் காட்டினேன். விரலை அங்கே வைத்து, டெல்லி, நாக்பூர், சென்னை என்று மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து புதுச்சேரியில் நிறுத்தினார். பிறகு, "இல்ல இல்ல, பிரான்சு வழியால்ல வந்துது" என்று விரலை எடுத்து, மறுபடியும் நகரிலிருந்து ஆரம்பித்தார்.